கழுவாத கை

ஜூன் 9

தங்கச்சிக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்து உனக்குத் தலை சுற்றினால் பக்கத்தில் இருப்பவர்களைப் பிடித்துக்கொள். போனில் பேசிவிடலாமே என்றுதான் உன் அத்தான் சொன்னார். போனில் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்பது சொல்வேன், பிறகு யார் முதலில் வைத்தது என்று அதற்கொரு சண்டை வரும். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிறவரை உன்னால் வாயைத் திறக்க முடியாது.

ராசியாகப் போவதற்காக எழுதவில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். விஷயம் உன் மகளைப் பற்றியது. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை.

போன ஞாயிறு சபையில் நான் எடுக்கும் பிள்ளைகள் வகுப்பில் பாவமும் மனந்திரும்புதலும் பாடம். புத்தகத்தை எடுத்து வாசித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். டெய்லர் வீட்டு இரட்டைகள் போன முறை பெஞ்சுக்கு அடியில் படுத்துத் தூங்கியே விட்டார்கள். கையால் தொட்டால்தான் மனசில் நிற்கும் என்று நானாக ஒரு யோசனை பண்ணினேன். அத்தானின் பைக் ரிப்பேர் ஷெட்டிலிருந்து ஒரு டப்பா பழைய கிரீஸ் எடுத்துப் போனேன். செய்த தப்பு ஒன்றை ஒவ்வொருவரும் மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும், யாருக்கும் சொல்ல வேண்டாம். நினைத்ததும் ஒரு உள்ளங்கையை டப்பாவில் அழுத்த வேண்டும். வகுப்பு முடிகிறவரை அந்தக் கையால் எதையும் தொடக் கூடாது.

தொடாமல் இருப்பார்களா? பிரசங்க மேடையின் வெள்ளைத் துணி போச்சு. சுவர் போச்சு. போதகர் ஐயா பாட்டுப் புத்தகம் எடுக்க வந்தவர் எவன் தலையையோ தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அங்கியின் முதுகில் ஐந்து விரலும் அச்சாக விழுந்ததை அவர் பார்க்கவில்லை. அப்படியே போய் ஆராதனை நடத்தினார். சபையே வாயைப் பொத்திக்கொண்டு ஜெபம் பண்ணியது. பார்த்தீர்களா பிள்ளைகளே, ஒரு சின்னப் பாவம் எங்கெங்கே போய் ஒட்டுகிறது என்று நானும் விடாமல் பாடத்தை முடித்தேன். மேடைத் துணியைத் துவைப்பது என் தலையில் விழுந்தது வேறு கதை.

கடைசியில் ஆளுக்கொரு பொட்டலம் கை கழுவும் பவுடர் கொடுத்தேன், ஷெட்டில் வைத்திருப்பார்களே அது. ஒரே ஒரு விதி. யாருக்குத் தப்பு செய்தாயோ அவர் முன்னால் நேரில் போய் நின்று, செய்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்ட பிறகுதான் கழுவ வேண்டும். பிள்ளைகள் நிஜமாகவே செய்தார்களடி. ஒருவன் போதகரின் சைக்கிள் காற்றைப் பிடுங்கியது நான்தான் என்று போய் நின்றான். இரட்டைகள் ஒருத்தி காலில் ஒருத்தி விழுந்து தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாக் கையும் சுத்தம்.

உன் வாலு மட்டும் கழுவவில்லை. அந்தக் கைக்கு ஒரு சாக்ஸை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள், இடது கையால் எழுதுகிறாள். நேற்று நான் அவளைப் பிடித்து வைத்துப் பலவந்தமாகத் தேய்த்துவிட்டேன். இன்று பள்ளி விட்டதும் நேரே ஷெட்டுக்குப் போய் மறுபடியும் பூசிக்கொண்டு வந்து நிற்கிறாள். "யாருக்குடி என்ன செஞ்சே?" என்று கேட்டால், "அவங்க இங்க இல்ல" என்கிறாள். அதற்கு மேல் வாயில் பூட்டு.

இங்கே இல்லாதவர் என்றால் நீதான். உனக்கும் அவளுக்கும் நடுவில் என்ன? தெரிந்தால் எழுது.

உன் அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்தேன்.

எட்டு வயதுக் குழந்தையின் கையில் கரியைப் பூசி இதுதான் உன் பாவம் என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? விளையாட்டு வினையாகும் என்று தெரியாதா? பெரியவர்கள் செய்கிற பாவமெல்லாம் துவைத்துப் பெட்டி போட்டு உள்ளே இருக்கிறது, குழந்தைகள் கையைப் பிடித்து கிரீஸில் அழுத்துகிறாய். என் மகள் எனக்கு என்ன தப்பு செய்திருக்க முடியும்?

போன வருஷம் நான் கிளம்பிய அன்று என் ஷூ ஜோடியில் ஒன்றை ஒளித்து வைத்தவள் பாவத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறாளா? ஆமாம், இன்னும் மறக்கவில்லை. கறுப்பு ஷூ போட்டுத்தான் வேலைக்கு வர வேண்டும் என்று இங்கே சொல்லியிருந்தார்கள். வீடு முழுக்கத் தலைகீழாகப் புரட்டினேன். பஸ் ஹாரன் அடிக்கிறது, ஒரு கால் ஷூ கிடைக்கவில்லை. நான் போகக் கூடாது என்று அதற்கு முந்தின வாரம் முழுக்கப் படித்துப் படித்துச் சொன்னது நீதானே? வேறு யார் எடுப்பார்கள், அத்தானா? பழைய செருப்போடு பஸ் ஏறி, வந்து இறங்கியதும் முதல் பேச்சே சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அது போகட்டும். அவள் சாப்பிடுகிறாளா? இடது கையால் எழுதினால் ஆசிரியை திட்டுவதில்லையா? ஒரு வருஷமாகப் போனை நீட்டினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள் என்று அத்தான் சொல்கிறார். சத்தத்தைக்கூட எனக்குத் தரமாட்டேன் என்கிறாள். போன மாதம் பின்னால் எங்கோ அவள் சிரிப்பது கேட்டது, அத்தான் பேசுவதைக் காதில் வாங்காமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு எதற்கு என்று அவரிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

கிளம்பும்போதும் கட்டிப்பிடிக்க வரவில்லை. வாசலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன், அசையவில்லை. நீ அவளுக்கு என்ன சொல்லி வைத்திருந்தாயோ தெரியாது.

அவள் கையை உடனே கழுவிவிடு. இது என் உத்தரவு.

தங்கை


ஜூலை 1

உத்தரவு போடுகிறவளுக்கு,

வா, வந்து நீயே கழுவு. நான் கழுவிக் கழுவி ஓய்ந்துவிட்டேன். ஷெட்டைப் பூட்டினால் ரோட்டோரம் நிற்கிற வண்டியின் சங்கிலியில் கையைத் தேய்த்துக்கொண்டு வருகிறாள். விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக எங்கள் பொழுது போகிறது. பிடிவாதத்தில் அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

ஷூவை நான் ஒளிக்கவில்லை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், கர்த்தர் சத்தியமாக நான் தொடவில்லை. நீ போகக் கூடாது என்று நினைத்தேன்தான், உன் வீட்டுக்காரர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை, குழந்தை இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் இழக்க வேண்டுமா என்று நினைத்தேன். அதை உன் முகத்துக்கு நேராகச் சொன்னேனே தவிர ஷூவைத் திருடுகிற புத்தி எனக்கு இல்லை.

ஷூவை விடு. அன்று நடுத்தெருவில் பஸ்ஸுக்காரர், டெய்லர் வீட்டார், போதகர் மனைவி எல்லாரும் நிற்க நீ சொன்னாயே ஒரு சொல். "பெத்திருந்தா தெரியும். பெக்காதவளுக்கு அடுத்தவ பிள்ளை மேல கண்ணு." திருப்பி எழுதவே எனக்குக் கை கூசுகிறது. அத்தான் அன்று ஒன்றும் பேசாமல் ஷெட்டுக்குள் போய்ப் பழுதில்லாத ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டார். மறுபடி பூட்ட ஒரு வாரம் ஆயிற்று.

நெருப்பென்று சொன்னால் வாய் வெந்துவிடாது என்பார்கள். எனக்கு வெந்தது. ஆனாலும் உன் மகளுக்கு இரண்டு வேளையும் தலை வாரிவிடுகிறேன், இரவு ஜெபத்தில் உன் பெயரைச் சொல்ல வைக்கிறேன். அவள் சொல்கிறாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மெதுவாக, எனக்குக் கேட்கக் கூடாது என்பதுபோலச் சொல்கிறாள். நான் அவளிடம் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை, நம்பினால் நம்பு.

அவளுக்குப் பயம் காட்டியது என் பாடமா என்று நானும் யோசித்துவிட்டேன். போதகர் ஐயாவிடம் போய்க் கேட்டேன். "கையைக் கழுவ வைக்கிறது பெரிசில்லம்மா. எதுக்காகக் காத்திருக்கான்னு பாருங்க" என்றார். சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனார், முன்னெச்சரிக்கையாம்.

அவள் காத்திருப்பது உனக்காகத்தான். எப்போது வருகிறாய்? பள்ளிக்கூட லீவுக்கு வருவேன் என்றாய், லீவு வந்து போய்விட்டது.

அக்கா


ஜூலை 11

அக்கா,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலை செய்தேன். அந்த வரிக்கு நான் இப்போது பதில் எழுதப்போவதில்லை. எழுத முடியவில்லை என்று வைத்துக்கொள்.

என் வேலையைப் பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். துவைப்பதெல்லாம் மெஷின். நாங்கள் பெண்கள் இருவர் இருவராக எதிர் எதிரே நின்று படுக்கை விரிப்புகளை மடிப்போம். ஆளுக்கு இரண்டு முனை. இழுத்து உதறி, நடந்து வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி விலக வேண்டும். நீயும் நானும் மாடியில் போர்வை மடிப்போமே, நீ வேண்டுமென்றே கடைசியில் இழுத்து என்னை விழவைப்பாயே, அதே வேலைதான். இங்கே யாரும் யாரையும் இழுப்பதில்லை. விழாமல் விழாமல் எனக்கு அலுத்துவிட்டது அக்கா.

பிள்ளைகள் வார்டு விரிப்புகளில் வாத்துப் படம் போட்டிருக்கும். அந்த வண்டி வருகிற நாளில் நான் வேறு வரிசைக்கு மாறிக்கொள்வேன். இப்போது சூப்பர்வைசருக்கே தெரியும், கேட்காமலே மாற்றிவிடுகிறார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். லீவுக்கு நான் வராததற்குக் காரணம் லீவு கிடைக்காதது இல்லை. கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. எந்த முகத்தோடு அந்தத் தெருவுக்குள் வந்து இறங்குவேன்? வந்தால் உன் வீட்டு வாசலில்தான் இறங்க வேண்டும். அங்கே குழந்தை மறுபடியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றால் என்னால் தாங்க முடியாது. இங்கே தூரத்தில் இருந்தால், அவள் என்னைத் தேடுகிறாள் என்றாவது நினைத்துக்கொள்ளலாம்.

அவள் எனக்கு என்ன தப்பு செய்தாள் என்று மறுபடி மறுபடி யோசிக்கிறேன். என் சீப்பை உடைத்தாள், அதற்கு நான் அப்போதே அடித்துவிட்டேன். அவள் அப்பாவின் போட்டோவில் மீசை வரைந்தாள், அதற்கு நான் சிரித்துவிட்டேன். வேறு ஒன்றும் அகப்படவில்லை. அவளுக்கு நான் செய்தவைதான் வரிசையாக வந்து நிற்கின்றன.

மெதுவாகக் கேட்டுப் பார். திட்டாமல் கேள். மடியில் உட்கார வைத்துக்கொண்டு கேள். உன் மடியில் அவள் உட்காருகிறாளா?

தங்கை


ஜூலை 24

தங்கச்சி,

முதலில் எங்காவது உட்கார், பிறகு படி.

நேற்று கழிவு ஆயில் எடுக்கிற ஆள் ஷெட்டுக்கு வந்தார். மூலையில் ஒரு டிரம் நிற்குமே, வண்டிகளிலிருந்து இறக்கும் பழைய ஆயிலை ஊற்றி வைப்பது. நிரம்பினால்தான் அவர் வருவார். குழாய் வைத்து உறிஞ்சினார், அடியில் எதுவோ அடைத்துக்கொண்டது. டிரம்மைச் சாய்த்து ஆட்டினார். பொத்தென்று ஒரு ஷூ வந்து விழுந்தது. இடது கால், வார் வைத்தது. ஆயிலில் ஊறி இரண்டு மடங்கு கனத்தில் கிடந்தது.

உனக்கு உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். "பாத்தீங்களா, நான் எடுக்கலன்னு சொன்னேனே, பாத்தீங்களா!" என்று அத்தானிடம் குதித்தேன். அந்த ஆயில்காரர் பாவம், தன்னைத்தான் ஏதோ சொல்கிறேன் என்று ரசீதை நீட்டுகிறார். எனக்கு உலகமே கண்ணில் படவில்லை. ஒரு வருஷம் திருடிப் பட்டத்தோடு நடந்தவளல்லவா நான்.

பிறகுதான் பார்த்தேன், வாலு ஷெட்டு வாசலில் புத்தகப் பையோடு நிற்கிறாள். ஷூவைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். சாக்ஸ் மாட்டிய கையைப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

திட்டவில்லை. அவள் உயரத்துக்கு உட்கார்ந்துகொண்டேன். அவளாகவே சொன்னாள். அப்படியே எழுதுகிறேன்:

"ஷூ இல்லேன்னா அம்மா போகமாட்டாங்கன்னு நெனச்சேன் பெரியம்மா. அம்மா ஷூ இல்லாமலே போயிட்டாங்க."

அவளே தொடர்ந்தாள். "உள்ள போட்டப்ப கையெல்லாம் கறுப்பாச்சு. எல்லாரும் தேடுனீங்க, அம்மா உங்களத் திட்டுனாங்க. நான் சும்மா நின்னுட்டேன். நீங்க அன்னிக்கு கிளாஸுக்கு அதே கறுப்ப எடுத்துட்டு வந்தீங்க. உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்."

பார்த்தாயா, கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. சுலபமாகக் கிடைக்கிறது என்று ஷெட்டிலிருந்து ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். அத்தனை பிள்ளைகள் நடுவில் நான் அவள் ஒருத்தியைத்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறேன் என்று அந்தக் குழந்தை இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். நான் சிரித்துக்கொண்டு பாடம் நடத்தினேன். கையால் தொட்டுப் படிக்கட்டுமாம்! படிக்க வைத்த லட்சணம்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்பதற்கு முன்னாலேயே நான் கொடுத்தாயிற்று. இருவரும் அந்த ஆயில்காரர் முன்னாலேயே அழுது தீர்த்தோம். சரி, இப்போது கழுவலாமா என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். "உங்களுக்குப் பண்ணுனது முடிஞ்சுது. அம்மாவுக்குப் பண்ணுனது இன்னும் இருக்கு."

நீ கேட்டாயே, மடியில் உட்காருகிறாளா என்று. உட்காருகிறாள். ஒரு கையைத் தள்ளி நீட்டி வைத்துக்கொண்டுதான் உட்காருகிறாள், என் உடுப்பில் படக்கூடாதாம்.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்கா,

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது கோபத்தில் இல்லையா? கையில் கறுப்பு இருந்ததாலா? நான் பார்த்துவிடக் கூடாது என்றா?

நான் அதையே தூக்கிக்கொண்டு திரிந்தேன் அக்கா. என் பிள்ளைக்கு நான் வேண்டாம் என்று அதை வைத்துத்தான் முடிவு கட்டினேன். அதை வைத்துத்தான் லீவை வேண்டாம் என்றேன். ஒரு எட்டு எடுத்து வைத்து அவள் கையை நானே முன்னால் இழுத்திருந்தால் தீர்ந்திருக்கும். பஸ்ஸுக்காரன் ஹாரன் அடித்தான், நான் ஓடினேன்.

உன்னிடம் கேட்க வேண்டியது தனி. ஷூவுக்காகக் கேட்பது சுலபம், தெரியாமல் பழி போட்டேன் என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல்லைத் தெரியாமல் சொல்லவில்லை. எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் அடித்தேன். நீ எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வெறும் கையோடு வந்தாய் என்று எனக்குத் தெரியும். உன்னைக் கூட்டிக்கொண்டு போனவளே நான்தான். உன் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உன் கையைப் பிடித்து நடந்தவள் நான். அப்படிப்பட்ட என் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்தது. மன்னித்துவிடு அக்கா. மன்னிக்க முடியாவிட்டாலும் என் பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதை நிறுத்திவிடாதே.

வாலுவிடம் இதைச் சொல். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அம்மாவுக்குக் கோபமே இல்லை. அம்மா மன்னித்துவிட்டேன். ஷூ போனால் போகிறது, அது காலைக் கடித்த ஷூ. இப்போதே போய்ப் பவுடர் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, நகத்துக்கு அடியிலும் தேய்த்துவிட்டு, அத்தானின் போனில் எனக்கு ஒரு வார்த்தை பேசச் சொல். ஒரே ஒரு வார்த்தை. "அம்மா"வாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, என்ன வார்த்தையானாலும் சரி.

இதையும் சொல். லீவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தது தப்பு. அம்மா அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 14

தங்கச்சி,

உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குரிய பகுதியை மட்டும்தான். என்னுடையதை நான் தனியாகக் குளியலறையில் படித்தேன். அத்தான் வெளியே நின்று தண்ணீர் தீர்ந்துபோகும் என்று கத்துகிறார், நான் குழாயையே திறக்கவில்லை.

வாலு ஒழுங்காக உட்கார்ந்து கேட்டாள். காலைக் கடித்த ஷூ என்ற இடத்தில் சிரித்துவிட்டாள். மன்னித்துவிட்டேன் என்ற இடத்தை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். சரி, வழி பிறந்துவிட்டது என்று பவுடர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"இது செல்லாது பெரியம்மா" என்றாள்.

"ஏண்டி?"

"நேர்ல நின்னு சொல்லணும், அப்புறந்தான் கழுவணும்னு நீங்கதான சொன்னீங்க. சைக்கிள் காத்தப் புடுங்குனவன் நேர்லதான போனான். நான் இன்னும் அம்மாகிட்ட ஒண்ணுமே சொல்லலையே. நீங்கதான் சொல்லிட்டீங்க."

எனக்கு இது தேவைதான். அப்புறம் உன் கடைசி வரியைப் பற்றிக் கேட்டாள். "அம்மாவும் தப்புப் பண்ணுனாங்களா?" ஆமாம் என்றேன். "அம்மா கேட்டதும் செல்லாது. அவங்களும் நேர்ல வந்து கேக்கட்டும்."

"வந்து கேட்டா மன்னிப்பியா?"

யோசித்தாள். அவள் யோசித்தபோது உன் இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் சொன்னாள்: "வரட்டும். வந்தப்புறம் சொல்றேன்."

நான் பாடத்தை மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். தூரத்தில் இருப்பவர்களுக்குக் கடிதம் போதும், கர்த்தர் ஏற்றுக்கொள்வார் என்று எல்லாம் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பொட்டலத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அதுவும் சரிதானே? கடிதத்தில் சொல்வது சுலபமாகத்தான் இருக்கிறது. நீ எழுதியதைப் படித்து நான் அழுதேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அழுது முடித்து முகத்தைத் துடைத்துப் பார்த்தால், அந்தச் சொல் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைச் சொன்ன வாய் வந்து எடுத்தால்தான் போகும் போலிருக்கிறது. அதனால் நானும் அவள் கட்சிதான். நீ கேட்ட மன்னிப்பு எனக்கும் செல்லாது.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், இரண்டு வருஷம் என்று எழுதாதே. அவளை உன்னிடம் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று அத்தான் கேட்கிறார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அனுப்புவேன், நீ சொன்னால் அனுப்புவேன். அவள்தான் மாட்டேன் என்கிறாள். "அம்மாதான போனாங்க? அம்மாதான் வரணும்."

வாடி. எனக்கு உன்னோடு நேரில் சண்டை போட வேண்டும். கடிதத்தில் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. உன் கட்டில் அப்படியே இருக்கிறது, அதன் மேல் துணிகளைக் குவித்து வைத்திருக்கிறேன், நீ வருகிறாய் என்றால் எடுத்துவிடுவேன்.

அக்கா


ஆகஸ்ட் 25

அக்கா,

சூப்பர்வைசரிடம் போய்ப் பேசினேன். பாதியில் போனால் திரும்ப எடுக்கமாட்டார்கள், யோசித்துச் சொல் என்றார். யோசித்தாயிற்று என்றேன். எதற்குப் போகிறாய் என்று கேட்டார். என் மகளிடம் மன்னிப்புக் கேட்க என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் எங்கோ ஒரு பிள்ளை இருக்கும் போல.

ஆக, இங்கே வேலை இனி இல்லை. அங்கே வந்து என்ன செய்யப்போகிறாய் என்று பதில் எழுதாதே, எழுதினாலும் என் கைக்குக் கிடைக்காது, நான் அதற்குள் பஸ்ஸில் இருப்பேன். பெட்டி கட்டிவிட்டேன். கட்ட அதிகம் ஒன்றும் இல்லை. இத்தனை நாள் இங்கே இருந்தேன் என்பதற்கு இரண்டு உடுப்பும் ஒரு சோப்புப் பெட்டியும்தான் அடையாளம்.

பயமாக இருக்கிறது அக்கா. வரட்டும், வந்தபிறகு சொல்கிறேன் என்றாளே, அதை நினைத்தால் ஒரு நேரம் சிரிப்பு வருகிறது, ஒரு நேரம் கட்டிய பெட்டியைப் பிரித்து மறுபடி கட்டுகிறேன். அவள் இல்லை என்று சொல்லிவிடலாம். சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. சொன்னாலும் நான் மறுநாள் காலையில் அங்கேதான் இருப்பேன், அதற்கு மறுநாளும் இருப்பேன், ஒவ்வொரு நாளும் கேட்பேன். பிடிவாதத்தில் என்னை உரித்து வைத்திருக்கிறாள் என்றாயே, அப்படியானால் நாள் பிடிக்கும். பிடிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் வந்து சேரும். நீ வகுப்புக்குப் போகிற நேரம். அன்று மட்டும் கொஞ்சம் தாமதமாகப் போ. கதவைத் தட்டினால் அவளை அனுப்பாதே, நீயே வந்து திற. முதலில் உன்னிடம் கேட்க வேண்டும்.

தங்கை